மச்சான் படித்த கதைகள்

மழை பெய்யும் நாட்களில்தான் நான் கதை எழுதினேன். அதில் ரசனை எதுவும் இல்லை. கம்பத்தில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தேன். வெயிலடித்தால் விவசாயிகள் காலையிலேயே வந்து நிற்பார்கள். மயில்துத்தம் வேண்டும், சுண்ணாம்பு வேண்டும், திராட்சை இலையில் எண்ணெய் பட்ட மாதிரி மஞ்சள் பொட்டு விழுந்திருக்கிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்பார்கள். மழை வந்துவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். அடித்த மருந்து இலையில் நிற்காமல் கழுவிக்கொண்டு போய்விடும். அப்போது நான் வாசலோரத்து மூட்டைகள் மேல் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் காகிதத்தை வைத்து எழுதுவேன். வீட்டுக்குச் சாப்பிடப் போன முதலாளி மழை விட்டபிறகுதான் திரும்புவார்.

அதனால் என் கதைகள் எல்லாவற்றிலும் மழை இருந்தது. கண் முன்னால் பெய்தது, எழுதினேன். இந்தச் சின்ன விஷயத்தைப் பிறகு எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நம்ப வேண்டியவர் நம்பவில்லை.

நான் பத்தாவது வரை படித்தவன். மேலே படிக்க வீட்டில் யாரும் தடுக்கவில்லை. யாரும் சேர்த்துவிடவில்லை, நானும் கேட்கவில்லை. எதையும் வாய்விட்டுக் கேட்கத் தெரியாத பிள்ளையாக இருந்தேன். கிளை நூலகத்தில் போய் உட்கார்ந்தால் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை என்பதால் அங்கே போனேன். கிரகங்களைப் பற்றியும் இயந்திரங்களைப் பற்றியும் எழுதிய கதைகள் எனக்குப் பிடித்தன. அவற்றில் வருகிறவர்கள் எதற்கும் கூச்சப்படுவதில்லை.

தொண்ணூற்றாறில் என் முதல் கதை ஒரு மாத இதழில் வந்தது. நிலாவில் ஏலக்காய் பயிரிடுகிறார்கள். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், நிலாவில் மரம் இல்லை. அதனால் ஆட்களைக் கூலிக்குப் பிடித்து, கையில் துணியை விரித்துக் கொடுத்து, செடிக்கு நிழலாக நிற்க வைக்கிறார்கள். நம் ஊரிலிருந்து கேரளத்துத் தோட்டங்களுக்கு ஜீப்பில் எப்படி அடைத்துக்கொண்டு போவார்களோ, அதேபோல ராக்கெட்டில் அடைத்துக்கொண்டு போவார்கள். கடைசியில் ஓர் ஆள், கீழே பூமியில் தன் ஊர்ப்பக்கம் மழை இறங்குவதை மேலிருந்து பார்த்தபடி நிற்பான். அவ்வளவுதான் கதை.

அது வந்தது என் மனைவிக்குத் தெரியும். அவள் மூலமாக அவள் அண்ணனுக்கும் தெரிந்தது.

மச்சான் என்றால் கடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த மனிதர். கூடலூர் ரோட்டில் பன்னீர்த் திராட்சைத் தோட்டம். உரத்த குரல். எந்தக் கடைக்குள் போனாலும் அங்கிருப்பவர்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். எங்கள் கடைக்கு வந்தால் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, நிற்கிற ஆட்களிடம் என்னைக் காட்டிச் சொல்வார்.

“எங்க மாப்ள நேத்துதான் நெலாவுக்குப் போயிட்டு வந்தாக. அலுப்பா இருக்காக. யூரியா வேணும்னா மெதுவாக் கேளுங்கப்பா.”

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு மூட்டையைத் தூக்கப் போவேன். எனக்குக் கோபம் வந்ததில்லை. என் எழுத்தைப் பற்றி அந்த ஊரில் பேசியது அவர் ஒருவர்தான்.

அடுத்த சில வருடங்களில் கதைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தன. ஒரு சிறுபத்திரிகை ஆசிரியர் என்னை விமர்சனம் எழுதச் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவதாகச் சொல்லிக்கொண்டு, வரும்போது வரும் பத்திரிகை அது. தமிழில் அறிவியல் கதை எழுதுகிறவர்கள் அதிகமில்லை, அதைப் படித்துக் குறை சொல்கிறவர்கள் இன்னும் குறைவு. அதனால் பத்தாவது படித்த நான் விமர்சகன் ஆனேன். நேரில் ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேச வராத நான் காகிதத்தில் கடுமையாக இருந்தேன். நம் கதைகளில் விண்கலம் கிளம்புகிற இடத்தில் ஒரு டீக்கடைகூட இல்லை என்று எழுதினேன். எதிர்காலத்தில் ஒருவனுக்கும் முதுகு அரிக்காதா என்று கேட்டேன். கதை நம் மண்ணில் நடக்க வேண்டும், நம் ஆட்களுக்கு நடக்க வேண்டும் என்பதே நான் திரும்பத் திரும்பச் சொன்னது. மதுரையில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். கட்டுரையை எழுதிக்கொண்டு போனேன். மேடைக்குப் போக முடியவில்லை. ஆசிரியரே வாசித்தார், நான் பின்வரிசையில் வேறு யாரோ போல உட்கார்ந்து கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு தினசரியின் ஞாயிறு இணைப்பில் ஒரு கதை வந்தது. அதுவரை வந்தவற்றை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. இது தினசரியோடு வந்ததால் டீக்கடையிலும் முடிவெட்டும் கடையிலும் கிடந்தது. எதிர்காலத்தில் மழையை வியாபாரிகள் விற்கிறார்கள். இந்தத் தோட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளலாம். ஒருமுறை பங்குனி மாதத்தில், பழம் பழுத்து வெட்டுக்கு நிற்கும் நேரத்தில், வேறு எங்கேயோ போக வேண்டிய மழை தவறி நம் பள்ளத்தாக்கில் இறங்கிவிடுகிறது. பழமெல்லாம் தோல் வெடித்துவிடுகிறது. வெடித்த பழத்தில் குளவி மொய்ப்பதையும், பந்தலுக்கடியில் புளித்த வாடை நிற்பதையும் எழுதியிருந்தேன். கதை தை மாதத்தில் வந்தது.

அந்தப் பங்குனியில் மழை பெய்தது.

கோடை மழை எங்கள் பக்கம் புதிதல்ல. சில வருடம் வரும், சில வருடம் வராது. வந்தால் பழம் வெடிக்கும். முந்தைய ஒரு கோடையில் பார்த்ததைத்தான் எழுதியிருந்தேன். ஆனால் மழை விட்ட மறுநாள் மச்சான் கடைக்கு வந்தபோது சிரிக்க வைக்கும் முகத்தோடு வரவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து அந்த ஞாயிறு இணைப்பின் தாளை எடுத்தார். நான்காக மடித்திருந்தார்.

அவர் ஐந்தாவது வரை படித்தவர். விரலை வைத்து, எழுத்துக்கூட்டி, உதட்டை அசைத்துத்தான் படிப்பார். அப்படிப் படித்ததால் ஒரு வார்த்தையும் விட்டுப்போகவில்லை.

“மாப்ள, பந்தல்ல வடக்கோரம் மூணாவது கல்லுத்தூணு சாஞ்சு கெடக்குன்னு எழுதியிருக்க.”

“ஆமா மச்சான்.”

“என் தோட்டத்துல வடக்கோரம் மூணாவது கல்லுதான் சாஞ்சு கெடக்கு.”

“உங்க தோட்டத்தப் பாத்துத்தான் எழுதுனேன்.”

“அதத்தான நானும் சொல்றேன்.”

மழை நாட்களில் எழுதுவதைப் பற்றி அன்றைக்குத்தான் அவருக்கு முதன்முதலாக விளக்கினேன். பந்தல் வேண்டுமென்றால் எனக்கு அவர் தோட்டத்துப் பந்தல்தான் தெரியும் என்றும், பங்குனி மழை யாருக்கும் தெரிந்ததுதான் என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தாளை மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முன்னாலேயே படித்திருந்தால் காய் கொஞ்சம் பச்சையாக இருக்கும்போதே வெட்டியிருப்பேன், கேலி பேசி விட்டுவிட்டேன் என்றார். எழுந்து போகும்போது என் தோளில் கையை வைத்தார். அதற்கு முன்பு அவர் அப்படிச் செய்ததில்லை.

எங்கள் ஊர்த் திராட்சையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் திராட்சைக்கு ஒரு பருவம் உண்டு. இங்கே கிடையாது. கொடியை எப்போது கவாத்து செய்கிறோமோ, அதாவது கிளையை வெட்டிவிடுகிறோமோ, அதிலிருந்து நாலு மாதத்தில் பழம். வருடத்தில் எந்த மாதமும் வெட்டலாம். அதனால் எந்த நாளில் கவாத்து செய்வது என்பதுதான் ஒரு விவசாயியின் மொத்தக் கணக்கும். பூக்கும் நேரத்திலோ பழுக்கும் நேரத்திலோ மழை பிடித்தால் போயிற்று. அடைமழைக் காலத்தில் பழம் வருகிற மாதிரி யாரும் வெட்டமாட்டார்கள். ஆனால் அந்தச் சமயத்தில் மழை பொய்த்து, ஒருவன் கையில் மட்டும் பழம் இருந்தால், வியாபாரிகள் அவன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். இந்த ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆசையை அடக்கத்தான் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து, பாதியை ஒரு சமயமும் மீதியை இன்னொரு சமயமும் வெட்டுவார்கள். நாள் குறிக்கக் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்து, எந்தப் பூ வருகிறதோ அதன்படி நடப்பார்கள்.

மச்சான் பூக்கட்டிப் பார்ப்பதை நிறுத்தினார். என் கதைக்காகக் காத்திருந்தார்.

அடுத்த கதை ஓர் இயந்திர மனிதனைப் பற்றியது. ஆற்றில் மணல் அள்ளும் வேலைக்கு அதைக் கொண்டுவருகிறார்கள். அதில் எங்கேயோ, ‘ஐப்பசியிலும் ஒரு சொட்டு விழவில்லை’ என்று ஒரு வரி. ஆறு காய்ந்து கிடக்க வேண்டும், அதற்காக எழுதியது. மச்சான் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். ஐப்பசியில் பழம் வருகிற மாதிரி ஆனியில் பாதித் தோட்டத்தை வெட்டினார். சுற்றியிருந்தவர்கள் அவருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றார்கள். அந்த வருடம் ஐப்பசி மழை இல்லை.

அதற்குப்பிறகு என் வாழ்க்கையில் எழுத்தாளனாக நான் அடைந்த புகழ் இதுதான்: விவசாயிகள் உரக்கடைக்கு வந்து, மருந்தை வாங்கிக்கொண்டு, போகாமல் நிற்பார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஆடியில வெட்டலாமா என்பார்கள். எனக்குத் தெரியாது என்பேன். எனக்கு இயல்பாகவே பேச்சு குறைவு, தலையைக் குனிந்துகொண்டுதான் சொல்வேன். அதை அவர்கள் பெரிய மனிதனின் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். முதலாளிக்குக் கூட்டம் சேர்ந்ததில் சந்தோஷம். கேட்கிறவர்களுக்கு எதையாவது சொல்லி அனுப்பப்பா என்றார். நான் சொல்லவில்லை. சில மாதங்களில் மற்றவர்களுக்குச் சலித்துவிட்டது. மச்சானுக்கு மட்டும் சலிக்கவில்லை.

எழுத உட்கார்ந்தால் கை நின்றது. மேகம் என்று எழுதப் போனால் கூடலூர் ரோட்டுத் தோட்டம் நினைவுக்கு வந்தது. ஒரு கதையில் வெயில் காய்ந்தால் மச்சான் என்ன செய்வார் என்று யோசித்துவிட்டு மேகமூட்டம் என்று மாற்றினேன். அதைப் படித்து அவர் என்ன செய்வார் என்று யோசித்துவிட்டு அந்தத் தாளையே கிழித்தேன்.

அப்போதுதான் அந்தக் கட்டுரையை எழுதினேன். அறிவியல் கதை குறி சொல்வதல்ல என்பது அதன் சாரம். எழுதுகிறவன் நாளைக்கு நடப்பதைச் சொல்வதில்லை. இன்றைக்கு நடப்பதை நாளைக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கிறான், நாளை அவன் சொன்னபடி நடந்துவிட்டால் அது அவனுக்கு வெற்றி அல்ல என்று எழுதினேன். ஆசிரியர் ஒரு வார்த்தையும் மாற்றாமல் போட்டார். நான் எழுதிய விமர்சனக் கட்டுரைகளில் இதுவே சிறந்தது என்று கார்டு போட்டிருந்தார். இவ்வளவு எளிமையாக எப்படி வந்தது என்று கேட்டிருந்தார். ஐந்தாவது படித்த ஒருவர் விரல் வைத்துப் படிப்பதற்காக எழுதியது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

பத்திரிகையை நானே தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மச்சான் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து படித்தார். நான் எதிரே நின்றேன். வெகுநேரம் ஆயிற்று. முடித்துவிட்டு மெல்லச் சிரித்தார்.

“நல்லா எழுதியிருக்க மாப்ள. இப்பிடித்தான் மறைக்கணும். இல்லாட்டி கண்ட பயலும் வந்து நிப்பான்.”

என் கதைகள் புத்தகமாக வந்ததும் அந்தச் சமயத்தில்தான். ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது. தேனியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வெளியிட்டார்கள். மச்சான் வந்திருந்தார், ஒரு பிரதி வாங்கினார், அடுத்த வாரமே திருப்பிக் கொண்டுவந்தார்.

“இதெல்லாம் முடிஞ்ச காலத்து மழை மாப்ள. புதுசா இருந்தாக் குடு.”

அந்தப் புத்தகத்துக்கு ஒரே ஒரு விமர்சனம் வந்தது. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. இந்த ஆசிரியருக்கு மழையை விட்டால் வேறு எதுவும் தெரியவில்லை, கற்பனை வறட்சியை மழையால் மறைக்கிறார் என்று எழுதியிருந்தார். நான் விமர்சகனாக இருந்து படித்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். மழையே இல்லாத இடத்துக்குக் கதையைக் கொண்டுபோய்விடுவது. பூமியை விட்டுக் கிளம்பி ஒரு கலம் போகிறது. அதற்குள் மேகம் இல்லை, மாதம் இல்லை, மண் இல்லை, தோட்டம் இல்லை. ஒருவருக்கும் ஊர் இல்லை. கதை நம் மண்ணில் நடக்க வேண்டும் என்று பல வருடமாக மற்றவர்களைத் திட்டிக்கொண்டிருந்த நான், மச்சான் விரல் வைக்க ஒரு வரிகூட இருக்கக் கூடாது என்று அந்தக் கதையைத் துடைத்துத் துடைத்து எழுதினேன். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இதுவரை என்னைத் திரும்பிப் பார்க்காத ஒரு வார இதழ் அதை உடனே வாங்கிப் போட்டது. இப்போதுதான் நீங்கள் உண்மையான அறிவியல் கதை எழுதியிருக்கிறீர்கள் என்றார் அந்த இதழின் ஆசிரியர்.

அது வைகாசியில் வந்தது. ஆனி பிறந்ததும் என் மனைவி கடைக்கு வந்தாள். அவள் கடைக்கு வருகிற வழக்கமில்லை. அவள் அண்ணன் தோட்டம் முழுவதையும் வெட்ட ஆள் விட்டிருக்கிறார் என்றாள். பாதி அல்ல, முழுவதும். பக்கத்துத் தோட்டத்தையும் குத்தகைக்குப் பிடித்திருக்கிறார், அதையும் வெட்டுகிறார்கள் என்றாள்.

முதலாளியிடம் சொல்லிக்கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பந்தலுக்கடியில் ஆட்கள் கத்தரியோடு நின்றார்கள். தரையெல்லாம் வெட்டிய கொடி. வெட்டுவாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திராட்சைக்கொடியை வெட்டினால் அப்படித்தான் சொட்டும். மேலே கம்பியும் கட்டையும் மட்டும் இருந்ததால் தோட்டத்துக்குள் என்றும் இல்லாத வெளிச்சம். மச்சான் சந்தோஷமாக இருந்தார். ஆட்களுக்கு என்னைக் காட்டி, எங்க மாப்ள வந்துட்டாக பாருங்க என்றார். கேலி இல்லாமல் சொன்னார்.

வாழ்க்கையில் அன்றைக்குப் பேசியதுபோல நான் பேசியதில்லை. இந்தக் கதையில் மழையே கிடையாது என்றேன்.

“அதான மாப்ள. நாலு மாசம் போறாக. நாலு மாசமும் சொட்டு மழை இல்ல. படிச்சேன்ல?”

நாலு மாதம். கலம் எவ்வளவு காலம் பயணம் போகிறது என்று எழுத வேண்டியிருந்தது. நாலு மாதம் என்று எழுதியிருந்தேன். எங்கள் ஊரில் எதற்கும் நாலு மாதம் என்றுதான் சொல்வார்கள். கைக்கு அதுதான் வந்தது.

அது வானத்துக்கு மேலே நடக்கிற கதை, அங்கே எப்போதும் மழை பெய்யாது என்றேன். எல்லாம் நான் உட்கார்ந்து கற்பனை செய்தது என்றேன். ஆட்கள் கத்தரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“மிச்சத்தையாவது விட்டு வைங்க மச்சான். கோயில்ல பூக்கட்டிப் பாருங்க. வெள்ளப் பூ வந்தா வெட்டுங்க.”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“நீயா மாப்ள பூக்கட்டச் சொல்ற? ஒண்ணு செவப்பு வரும், இல்லாட்டி வெள்ள வரும். அதுக்கு மேல சாமிக்கு என்ன சொல்லத் தெரியும்? நீ பக்கம் பக்கமா எழுதுற.”

“நான் எழுதுறது பொய் மச்சான்.”

“பொய்யின்னா எதுக்கு இத்தன வருசமா ஒக்காந்து எழுதுற?”

அதைப் பற்றிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவர் ஆட்களைப் பார்த்து, வேலையப் பாருங்கப்பா என்றார். வந்ததற்கு டீ வாங்கி வரச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

புரட்டாசி முழுவதும் வெயிலடித்தது. கொத்துக் கொத்தாகக் காய் நின்றது. வியாபாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் மேற்கே மலையைப் பார்த்தேன். ஒருமுறை, இவர் நம்புகிறபடியே நடந்துவிடட்டும், எனக்கு என்ன போகிறது என்றுகூட நினைத்தேன். ஐப்பசி பிறந்து காய் நிறம் மாறி வருகிற நேரத்தில் மழை பிடித்தது. விட்டுவிட்டு அல்ல, நின்று பெய்தது. கடையில் ஒருவரும் இல்லை. முதலாளி வரவில்லை. மரப்பெட்டி கவிழ்த்தபடி கிடந்தது. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

பழம் வெடித்தது. வெடித்ததில் பூஞ்சணம் பிடித்தது. குளவி வந்தது. பந்தலுக்கடியில் போனால் புளித்த வாடை அடித்தது. ஏற்கெனவே எழுதியிருந்ததால் அதைப் பார்ப்பது எனக்குப் புதிதாக இல்லை.

குத்தகை எடுத்தவர் பழம் போனாலும் குத்தகையைக் கொடுத்தாக வேண்டும். மறு வருடம் மச்சான் தன் தோட்டத்தையே விற்க வேண்டியதாயிற்று. வாங்கியவர்களுக்குத் திராட்சையில் விருப்பமில்லை. கொடியை வேரோடு பிடுங்கிவிட்டு, கல்தூண்களை லாரியில் ஏற்றி எங்கேயோ அனுப்பினார்கள். அந்த வடக்கோரத்துக் கல் மட்டும் உடைந்திருந்ததால் வரப்பிலேயே கிடந்தது.

மச்சான் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வருவதையும் நிறுத்தவில்லை. வந்தால் சாப்பிடுவார், பிள்ளைகளிடம் விளையாடுவார். எழுத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டார். நான் கதை எழுதுவதை விட்டுவிட்டேன். சிறுபத்திரிகையும் நின்றுபோனது. விமர்சனம் எழுத இடமும் இல்லை, எழுதுவதற்கு வந்த புத்தகங்களைப் படிக்க மனமும் இல்லை. ஒருநாள் மழை பெய்துகொண்டிருந்தபோது என் மனைவி, பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“மழ நல்லபடியாப் பெஞ்சு, காடு வெளையிற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்களேன் எங்க அண்ணனுக்கு.”

என் கதைகளில் மழை ஏன் வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். கடைக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பிய பாத்திரம், மழை பெய்து நான் எழுதுகிற நாளில்தான் மிச்சத்தோடு திரும்பி வரும். அவளே இப்படிச் சொன்னபிறகு நான் யாரிடம் விளக்க?

எழுதிப் பார்த்தேன். மறைப்பானேன். அவள் சொன்னபடியே ஒரு தோட்டம், ஒரு நல்ல மழை, ஒரு விளைச்சல். ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. அப்படி ஓர் எதிர்காலத்தை என்னால் நம்ப முடியவில்லை. நம்பாததை எழுதினால் எப்படியிருக்கும் என்று மற்றவர்கள் கதையில் எத்தனை தடவை காட்டியிருக்கிறேன்.

இரண்டாயிரத்துப் பத்தில், ஒரு நாள் காலையில் கடை திறக்கப் போகும்போது ஜீப் நிற்கிற இடத்தில் மச்சானைப் பார்த்தேன். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு. அவர் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கணக்கப்பிள்ளை மாதிரி ஏதோ மேற்பார்வை வேலை என்று மனைவி சொல்லியிருந்தாள். அவர் நின்றது கூலி ஆட்களோடு. ஜீப்புக்குள் இடமில்லாமல் பின்னால் தொங்குவதற்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

என்னைப் பார்த்ததும் ஒளிந்துகொள்ளவில்லை. நான்தான் ஒளிந்துகொள்ளலாமா என்று யோசித்தேன். கைகாட்டிக் கூப்பிட்டார். பக்கத்தில் போனதும் மற்றவர்களிடம், எங்க தங்கச்சி வீட்டுக்காரரு, கதையெல்லாம் எழுதுவாக என்றார். அவர்கள் மரியாதையாகப் பார்த்தார்கள்.

“மாப்ள, அந்தப் பொஸ்தகத்த எடுத்துப் படிச்சேன். தங்கச்சிகிட்ட வாங்கி.”

“பழசு மச்சான் அது.”

“பழசுதான். அன்னைக்குப் படிக்காமத் திருப்பிக் குடுத்துட்டேன்.” தூக்குவாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “மொதக் கதையிலயே இருக்கேன்ல.”

எனக்கு உடனே புரியவில்லை.

“ஏலச்செடிக்கு நெழலா ஒருத்தன் நிப்பான்ல. துணியப் பிடிச்சுக்கிட்டு. நம்ம ஊர்ல மழை பெய்யுறத மேல இருந்து பாத்துக்கிட்டே.” மலையைக் காட்டினார். “அங்கன நின்னா நம்ம தோட்டம் தெரியுது மாப்ள. நம்ம தோட்டம் இருந்த எடம். நேத்து இங்கன மழை. பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.”

அந்தக் கதை வந்தபோது அவர் மூட்டை மேல் உட்கார்ந்து என்னைக் கேலி பேசிக்கொண்டிருந்தார், அது யாரையும் பற்றியது அல்ல, நானாகச் செய்தது என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ தடவை சொன்னதுதான். இந்தமுறை அவர் சொன்னதில் எந்த இடத்தில் தப்பு என்று காட்ட என்னால் முடியவில்லை.

“எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல” என்றார். “எழுதியாச்சு. நாந்தான் படிக்காம விட்டுட்டேன்.”

ஜீப் ஹாரன் அடித்தது. அவர் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்படியில் ஒரு காலை வைத்து ஏறினார். இன்னொரு காலுக்கு இடமில்லை. கூடலூர் ரோட்டில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைக்குப் போனேன். பூட்டைத் திறக்கும்போது தூற ஆரம்பித்தது. மூட்டைகள் மேல் தார்ப்பாயை இழுத்து விட்டேன். அன்று மதியம்வரை யாரும் வரவில்லை.